டோனா ரீட்டின் ஊருக்கு ஐந்து நாள்

முதல் நாள்: ஒமாஹாவிலிருந்து டெனிசன்

காலை ஆறு மணிக்கே அக்கா எழுப்பிவிட்டாள். ஒமாஹாவிலிருந்து டெனிசன் சுமார் 110 கிலோமீட்டர்தான், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், ஆனாலும் ஜூன் கடைசி வெயில் ஏறுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று முந்தின இரவே புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். அத்தானுக்கு டூட்டி. ஆகவே நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அயோவாவில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு: அது நடிகை டோனா ரீட் பிறந்த ஊர். 1946இல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டின் மனைவி மேரியாக வருவாரே, அவர்தான். அக்கா அமெரிக்கா வந்த முதல் வருடம், ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் பனியில் தனியாகக் கிடந்த ஒரு டிசம்பர் ராத்திரியில் டிவியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் வீட்டில் அந்தப் படம் உண்டு. எனக்கும் அவள்தான் காட்டினாள். அப்புறம் நான் டோனா ரீட்டின் மற்ற படங்களையும், தொலைக்காட்சித் தொடரையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒரு ஆதங்கம் வந்தது. உலகம் அவரை ஒரே சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறது: முத்துமாலை போட்ட, கோபமே வராத, அமெரிக்காவின் உத்தம அம்மா. உண்மையில் அவர் பண்ணை வேலை தெரிந்த, கணக்கு தெரிந்த, வேண்டுமென்றால் எதிர்த்து நிற்கத் தெரிந்த பெண். அந்த ஆளைத் தேடித்தான் இந்தப் பயணம்.

மிசௌரி ஆற்றைத் தாண்டினால் அயோவா. 1804இல் லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ஆய்வுப் பயணிகள் மேற்கே போன ஆறு இது. அந்தப் பயணத்தில் பின்னால் சேர்ந்துகொண்ட பூர்வகுடிப் பெண் சகாகவியாவாக டோனா ரீட் 1955இல் 'த ஃபார் ஹொரைசன்ஸ்' படத்தில் நடித்தார். எனக்குப் பிடிக்காத வேடம். முகத்துக்குப் பழுப்பு மை பூசி அவரை நிறுத்தியிருக்கிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆஸ்கர் வாங்கிய மறு வருடம் ஒரு நடிகைக்கு ஹாலிவுட் கொடுத்த வேடம் இது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருவேன்.

மிசௌரி வேலி என்ற ஊரில் 30ஆம் எண் சாலை பிடித்தோம். பழைய லிங்கன் நெடுஞ்சாலை இதுதான். நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை கார் போவதற்கென்று 1913இல் அறிவித்த சாலை. சாலையோரம் லோயஸ் குன்றுகள், காற்று அடித்துக்கொண்டு வந்து குவித்த மண்ணால் ஆனவை, இவ்வளவு உயரத்துக்கு இப்படி மண் சேர்ந்த இடம் சீனாவை விட்டால் வேறு எங்கும் அரிது. வுட்பைன் ஊருக்குள் அந்தப் பழைய சாலை இன்னும் செங்கல் தளமாகவே இருக்கிறது. கார் அதன்மேல் ஏறியதும் சத்தம் மாறியது. டகடகவென்று மாட்டு வண்டியில் போவது போல ஒரு ஆட்டம். அக்கா வேகத்தைக் குறைத்து ஜன்னலை இறக்கிவிட்டாள். "இந்த ரோட்டு வழியாத்தானேடா அவங்களும் போயிருப்பாங்க?" என்றாள். ஒமாஹா பக்கம் போனால் இந்த வழிதான், போயிருப்பார்.

டன்லப், டௌ சிட்டி தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது டெனிசனின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதில் அந்தப் படத்தின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். காரை ஓரங்கட்டி இறங்கி, தொட்டியைப் பார்த்தபடியே நின்று புளியோதரை சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள்: தியேட்டரும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

டெனிசன் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். கிராஃபோர்டு மாவட்டத்தின் தலைநகர். உறங்கிக் கிடக்கும் ஊர் என்று நினைத்துப் போனால் அப்படி இல்லை. பிராட்வே தெருவில் ஸ்பானிய மொழிப் பலகைகள், சோள ரொட்டி சுடும் வாசனை, சைக்கிளில் சுற்றும் பிள்ளைகள். இறைச்சி ஆலைகளில் வேலைக்கு வந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி.

அதே தெருவில்தான் டோனா ரீட் தியேட்டர். 1914இல் இங்கே இருந்த ஜெர்மானியர்கள் தங்கள் ஓபரா அரங்கமாகக் கட்டியது, பிறகு சினிமா கொட்டகை ஆனது, டோனா ரீட் இறந்த பிறகு அவர் பெயரில் புதுப்பித்து கலை மையமாக நடத்துகிறார்கள். கட்டிடத்திலேயே பழைய காலத்து சோடா கடை ஒன்றும் உண்டு. அக்கா அங்கே உயர ஸ்டூலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் போட்ட சோடா வாங்கிக் குடித்தாள். படத்தில் சின்னப் பெண் மேரி, பின்னால் தன் கணவனாகப் போகும் ஜார்ஜின் கேட்காத காதில் "சாகும் வரை உன்னைக் காதலிப்பேன்" என்று ரகசியம் சொல்வது இப்படிப்பட்ட ஒரு கடை மேசையில்தான். அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது, நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

மத்தியானம் மெக்ஹென்றி வீடு. 1885இல் கட்டிய பெரிய மர வீடு, இப்போது அருங்காட்சியகம். முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு போனோம். டோனா ரீட் வாங்கிய ஆஸ்கர் சிலை இங்கேதான் இருக்கிறது. ஹாலிவுட்டிலோ நியூயார்க்கிலோ இல்லை, இந்த ஊரில்.

பதின்மூன்றரை அங்குலம். படங்களில் பார்த்துப் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். பக்கத்தில் போனால் ஒரு குத்துவிளக்கை விடச் சின்னது. கண்ணாடிக்கு மேல் குனிந்தால் என் முகமும் சிலையின் முகமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எங்களைக் கூட்டிப்போன வயதான அம்மா, ஊர்க்காரர், ஒன்றும் சொல்லாமல் விளக்கை மட்டும் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நல்ல மனுஷி.

அந்த ஆஸ்கர் 1954 மார்ச்சில் கிடைத்தது, 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை. அன்று அந்தப் படம் மொத்தம் 8 ஆஸ்கர் வாங்கியது, ஃபிராங்க் சினாட்ராவும் அதே படத்தில்தான் சிறந்த துணை நடிகர் ஆனார். ஹொனலூலுவில் சிப்பாய்கள் வந்துபோகும் கிளப்பில் வேலை செய்யும் லொரீன் என்ற பெண் வேடம் டோனா ரீட்டுக்கு. மூல நாவலில் அவள் விலைமாது. அன்றைய தணிக்கை விதிகளுக்காகப் படத்தில் கிளப் பணிப்பெண் என்று பூசி மெழுகினார்கள், ஆனால் நடிப்பில் அவர் எதையும் பூசி மெழுகவில்லை. பணம் சேர்த்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய் மரியாதையாக வாழ வேண்டும் என்பதுதான் லொரீனின் ஒரே எண்ணம். அதைச் சொல்லும்போது அந்த அழகான முகம் கல்லாகிவிடும்.

கடைசிக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். கப்பல் புறப்படுகிறது. அவள் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெண்ணிடம், தன்னை மணக்க இருந்தவன் விமானி என்றும், பேர்ல் ஹார்பர் தாக்குதலில் வீர மரணம் அடைந்தான் என்றும் சொல்கிறாள். அத்தனையும் பொய். அவன் விமானியே இல்லை, சாதாரண சிப்பாய், சொந்தப் படையின் காவலாளிகள் சுட்டுத்தான் செத்தான். பொய்யைச் சொல்லச் சொல்ல அவளே அதை நம்ப ஆரம்பிக்கிறாள். குரல் கொஞ்சமும் உடையாது. கேமரா கடைசியில் அவள் கைகளுக்கு வருகிறது. அவன் ஊதிய பியூகிள் என்ற படை ஊதுகொம்பின் வாய்ப்பகுதி அந்தக் கைகளில் இருக்கிறது. நான் அந்த ஆஸ்கர் சிலைக்கு முன்னால் நின்றபோது நினைவுக்கு வந்தது அந்தக் கைகள்தான்.

சரி, இந்த ஊரில் பிறந்த இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். கிளாரன்ஸ் சேம்பர்லின் என்ற விமானி. 1927இல் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி பாரிஸுக்குப் பறந்த இரண்டே வாரத்தில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனி வரை பறந்தவர். இரண்டு வாரம் பிந்தியதால் உலகம் மறந்துவிட்டது. டெனிசன் மறக்கவில்லை.

மூன்றாம் நாள்: மக்காச்சோளக் காட்டுக்குள்

இன்று எந்தக் கட்டிடமும் பார்க்கவில்லை. காலை முழுக்க ஊருக்கு வெளியே ஜல்லிச் சாலைகளில் சும்மா ஓட்டினோம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், இடையிடையே சோயா. சோளம் இப்போது தொடை உயரம் வந்திருக்கிறது. ஜூலை 4க்குள் முழங்கால் உயரம் வந்தால் நல்ல விளைச்சல் என்று இந்தப் பக்கம் ஒரு சொலவடை உண்டாம், இப்போதைய விதைகளுக்கு அது பழைய கணக்கு. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தால் சோகைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது.

டோனா பெல் முல்லெஞ்சர். அதுதான் இயற்பெயர். 1921 ஜனவரி 27இல் டெனிசனுக்குப் பக்கத்துப் பண்ணையில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயதாகும்போது 1929இன் பங்குச் சந்தைச் சரிவு, அதைத் தொடர்ந்து பத்து வருடப் பஞ்சம், வறட்சி, விலை போகாத தானியம். மூத்த பெண் என்றால் என்னென்ன வேலை தலையில் விழும் என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது "ஆமா" என்று ஒரு சொல்தான் சொன்னாள். அவளும் மூத்தவள்.

அந்தப் பண்ணை வாழ்க்கை சினிமாவுக்குள் போனதற்கு இரண்டு கதைகள் உண்டு, இரண்டும் 'ஒண்டர்ஃபுல் லைஃப்' ஷூட்டிங்கில் நடந்தவை. முதலாவது, பாழடைந்த பழைய வீட்டின் ஜன்னலில் மேரி கல்லெறிந்து கண்ணாடியை உடைக்க வேண்டும். நடிகையால் குறி பார்த்து எறிய முடியாது என்று இயக்குநர் ஃபிராங்க் காப்ரா ஒரு துப்பாக்கிக்காரரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார், அவர் சரியான நேரத்தில் சுட்டு உடைப்பதாகத் திட்டம். டோனா ரீட் கல்லை எடுத்தார், எறிந்தார், கண்ணாடி உடைந்தது. துப்பாக்கிக்கு வேலையே வரவில்லை. பள்ளியில் பேஸ்பால் ஆடிய கை. இரண்டாவது, வில்லனாக நடித்த லயனல் பாரிமோருக்கு இவர் பண்ணைப் பெண் என்பதில் நம்பிக்கை இல்லை. பசுவில் பால் கறந்து காட்ட முடியாது என்று 50 டாலர் பந்தயம் கட்டினார். ஒரு பசுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டோனா ரீட் உட்கார்ந்து கறந்தார், 50 டாலரை வாங்கிக்கொண்டார்.

அக்கா இந்தக் கதையை இதற்கு முன் கேட்டதில்லை. மூன்று முறை சொல்லச் சொன்னாள். பால் கறந்தவர்களுக்குத் தெரியும், தெரியாத மாடு புதுக் கைக்கு அவ்வளவு எளிதில் பால் சுரக்காது. காம்பைப் பிடிக்கும் முதல் பிடியிலேயே மாடு ஆளைக் கண்டுகொள்ளும். எட்டு வருடம் ஹாலிவுட் பக்கம் இருந்தும் அந்தப் பிடி மறக்கவில்லை என்றால் எத்தனை அதிகாலை கறந்திருப்பார்!

ராத்திரி மோட்டல் அறையில் உட்கார்ந்து கடிதங்களைப் படித்தோம். அது பெரிய விஷயம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் டோனா ரீட்டுக்கு நிறையக் கடிதம் எழுதினார்கள். மற்ற நடிகைகளிடம் கவர்ச்சிப் படம் கேட்டு எழுதியவர்கள், இவருக்கு எழுதும்போது தங்கள் தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ எழுதுவது போல எழுதினார்கள். வெயில், கொசு, ஊர் ஞாபகம், வராத தபால். அவர் அவற்றை ஒரு ஷூ பெட்டியில் போட்டு வைத்திருந்தார், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இறந்த பிறகு பழைய டிரங்குப் பெட்டியில் அவர் மகள் மேரி ஓவன் எடுத்துப் பார்த்தால் 341 கடிதங்கள். 2009இல் பத்திரிகையில் செய்தி வந்தது. அவற்றில் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு இளம் அதிகாரி, நிஜப் போர்க்களம் சினிமாவில் காட்டும் போர்க்களத்திலிருந்து கொஞ்சம் வித்தியாசமானது என்று மென்மையாக எழுதுகிறார். சில மாதங்களில் அவர் இத்தாலியில் கொல்லப்பட்டார். அந்தக் கடிதம் வந்தபோது டோனா ரீட்டுக்கு 22 வயது. அதைத் தூக்கிப் போடாமல் நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்திருக்கிறார்.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள். வெளியே புல்வெளியில் மின்மினிகள்.

நான்காம் நாள்: லாஸ் ஏஞ்சலஸ்

அக்காவுக்கு நாளை வேலை. என்னை ஒமாஹா விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, மீதிப் புளியோதரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இனி தனியாக.

இறங்கியதும் நேராக வெர்மான்ட் அவென்யூவில் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜ். 1938 வாக்கில் பதினேழு வயதில், அத்தை ஒருவர் வீட்டில் தங்கிப் படிக்கலாம், செலவும் குறைவு என்று டோனா வந்து சேர்ந்த கல்லூரி. 1929 வரை பெரிய பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த இடம் அது. 1940 கடைசியில் அவரை வளாக அழகியாகத் தேர்ந்தெடுத்தார்கள், செய்தித்தாளில் படம் வந்தது, ஸ்டுடியோக்காரர்கள் தேடி வந்துவிட்டார்கள். பஞ்சத்தில் வளர்ந்த பெண்ணுக்கு எம்ஜிஎம் கூப்பிட்டால் ஓடத்தானே தோன்றும்? முதலில் படிப்பை முடிக்கிறேன் என்றார். முடித்துவிட்டுத்தான் 1941இல் ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த வளாகத்தில் ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கோடைகால வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலரும் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் வேலைக்குப் போகும் சீருடையுமாக நடந்தார்கள்.

ஸ்டுடியோ முதலில் டோனா ஆடம்ஸ் என்று பெயர் வைத்தது, பிறகு டோனா ரீட் என்று மாற்றியது. ரீட் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவே இல்லை, அது தனக்குச் சம்பந்தமில்லாத வேறு யாரோ ஒருத்தியின் பெயர் போல இருக்கிறது என்று நினைத்தார். ஆனால் மாற்றும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

அந்த எம்ஜிஎம் வளாகம் கல்வர் சிட்டியில் இருக்கிறது, இப்போது சோனியுடையது. இங்கே ஒரு விசேஷம். அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம் கொலம்பியா என்ற இன்னொரு ஸ்டுடியோவுடையது, அப்போது கொலம்பியா இருந்தது கோவர் தெருவில். கொலம்பியா பின்னால் சோனி கைக்குப் போய் இந்தப் பழைய எம்ஜிஎம் வளாகத்துக்கே குடிவந்துவிட்டது. அவரை நல்ல பெண் வேடங்களில் மட்டுமே வைத்திருந்த ஸ்டுடியோவின் வாசல் வழியாக, அவருக்கு லொரீன் வேடம் கொடுத்த ஸ்டுடியோக்காரர்கள் இன்று வேலைக்குப் போய் வருகிறார்கள்.

மாலையில் என்சினோ. நூறு டிகிரியை நெருங்கும் வெயில். 1946இல் 'ஒண்டர்ஃபுல் லைஃப்' கதை நடக்கும் பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற அந்தப் பனி பெய்யும் ஊரை இங்கேதான், ஆர்கேஓ ஸ்டுடியோவின் பண்ணையில் செட் போட்டார்கள். நான்கு ஏக்கர், 75 கடைகளும் கட்டிடங்களும், வளர்ந்த ஓக் மரங்கள் இருபதைப் பெயர்த்துக்கொண்டு வந்து நட்டார்கள். ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலை கடைசி வரை ஷூட்டிங். கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக நடிகர்கள் நடுவெயிலில். சூடு தாங்காமல் காப்ரா ஒரு நாள் எல்லோருக்கும் லீவு விட்டார். அதுவரை சினிமாவில் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸ்தான், மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது, அதனால் பின்னால் டப்பிங் பேச வேண்டும். இந்தப் படத்துக்காக, தீயணைக்கும் நுரை, சோப்பு, தண்ணீர் மூன்றையும் கலந்து காற்று இயந்திரத்தில் அடித்தார்கள். சத்தம் போடாத பனி. அதற்குத் தனியாகத் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இன்று அந்த இடத்தில் வரிசையாக வீடுகள். பண்ணையை 1954இல் இடித்துவிட்டார்கள். ஒரு பலகை கூடக் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் பையன் ஒருவன் கார் கழுவிக்கொண்டிருந்தான், சோப்பு நுரை நடைபாதை வழியாக வழிந்து சாக்கடைக்குப் போனது.

படம் வந்த காலத்தில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால், பணம் கட்டாமலே டிவி நிலையங்கள் வருடாவருடம் போட ஆரம்பித்தன. அப்படித்தான் அது எல்லா வீட்டுக்கும் போனது. அக்காவின் அறைக்கும்.

ஐந்தாம் நாள்: பர்பேங்க், வெஸ்ட்வுட்

ஆஸ்கர் வாங்கிய பிறகு என்ன நடந்தது? முதல் நாள் எழுதினேனே, அதுதான். நல்ல வேடம் வரவில்லை. இன்னொருவராக இருந்தால் காத்திருந்தே காலம் போயிருக்கும். டோனா ரீட் தன் கணவர் டோனி ஓவனுடன் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். இருவர் பெயரையும் ஒட்டி டோடான் என்று பெயர். 1958 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் 'த டோனா ரீட் ஷோ' தொடங்கியது. எட்டு வருடம், 275 எபிசோட். முதல் சீசனில் மட்டும் 37. அதாவது கிட்டத்தட்ட வாரம் ஒன்று. தயாரிப்பிலும் அவர் கை இருந்தது, பெயர் மட்டும் திரையில் வராது. ஐடா லூபினோவை அழைத்து ஒரு எபிசோட் இயக்க வைத்தார்கள், பெண் இயக்குநர்களை விரல் விட்டு எண்ணக்கூடிய காலத்தில். அப்பா பெரியவர், அம்மா பக்கத்தில் நிற்பவர் என்றிருந்த குடும்பத் தொடர்களுக்கு நடுவே, அம்மாவை நடுவில் வைத்து எடுத்த தொடர் அது.

தொடக்கக் காட்சி எல்லோருக்கும் தெரியும். டெலிபோன் அடிக்கும், அவர் இறங்கி வந்து எடுப்பார், டாக்டர் கணவரிடம் கொடுப்பார், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பையை நீட்டுவார். இதை வைத்துத்தான் எழுபதுகளில் அவரை அடிமை மனைவியின் சின்னம் என்று கேலி செய்தார்கள். நான் முதல் இரண்டு சீசன்களை முழுக்கப் பார்த்திருக்கிறேன். கேலி செய்தவர்கள் தொடக்கக் காட்சியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. உள்ளே அந்த அம்மா ஊர்ப் பிரச்சினைக்குப் போராடுகிறாள், தேர்தலில் நிற்கிறாள், கணவர் முகத்துக்கு நேராக "நீங்கள் சொல்வது தவறு" என்கிறாள். நான்கு முறை எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரை ஆனார், ஒரு முறையும் கொடுக்கவில்லை. 1963இல் கோல்டன் குளோப் கிடைத்தது.

அந்தத் தொடரின் தெருக்காட்சிகள் எடுத்த கொலம்பியா ராஞ்ச் பர்பேங்க்கில் இருந்தது. போய்ப் பார்த்தேன். 2023இல் பழைய வீட்டு முகப்புகளை எல்லாம் இடித்துவிட்டுப் புதிதாக ஷூட்டிங் தளங்கள் எழுப்பியிருக்கிறார்கள். நீளமான வெள்ளைச் சுவர், அவ்வளவுதான்.

தொடர் முடிந்த மறு வருடம், 1967. வியட்நாம் போர். அவருக்கே எழுதிய வசனகர்த்தாக்களில் ஒருவரான பார்பரா அவெடன், 'அனதர் மதர் ஃபார் பீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். டோனா ரீட் அதன் இணைத் தலைவர். அன்னையர் தினத்துக்குப் பூ வேண்டாம், சமாதானம் வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். அந்த அட்டையில் ஒரு சூரியகாந்திப் பூவும், போர் குழந்தைகளுக்கும் மற்ற உயிர்களுக்கும் உடம்புக்கு ஆகாது என்ற வாசகமும். இவர் குடியரசுக் கட்சிக்காரர், 1964இல் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரை ஆதரித்தவர். நான்கே வருடத்தில் போருக்கு எதிராக நின்ற ஜனநாயகக் கட்சிக்காரர் யூஜின் மெக்கார்த்தி பக்கம் வந்துவிட்டார். மூத்த மகனுக்குப் படையில் சேரும் வயது. அதோடு அந்த ஷூ பெட்டியும் வீட்டில் இருந்தது. இது என் ஊகம்தான், ஆனால் 341 கடிதங்களை வைத்திருந்தவருக்கு இன்னொரு போர் என்னவாகப் பட்டிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1984இல் 'டல்லாஸ்' தொடரில் மிஸ் எல்லி வேடம். அதில் நடித்துக்கொண்டிருந்த பார்பரா பெல் கெடஸ் உடல்நிலை காரணமாக விலகியபோது இவரைக் கொண்டுவந்தார்கள். ஒரு சீசன் முடிந்ததும் பழையவர் திரும்ப வருகிறார் என்று ஒப்பந்தக் காலம் பாக்கியிருக்கும்போதே இவரை எடுத்துவிட்டார்கள். அறுபத்து நான்கு வயதில் நீதிமன்றம் போனார். படப்பிடிப்பை நிறுத்த முடியவில்லை, ஆனால் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத்தான் வழக்கை முடித்தார்கள். சில மாதங்களில் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1986 ஜனவரி 14. இன்னும் 13 நாள் இருந்திருந்தால் 65 முடிந்திருக்கும்.

வெஸ்ட்வுட் கல்லறை வில்ஷயர் சாலையின் உயரமான கட்டிடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, வாசலைக் கண்டுபிடிக்கவே இரண்டு சுற்று நடந்தேன். உள்ளே வருகிறவர்கள் நேராக மர்லின் மன்றோவின் சுவருக்குப் போகிறார்கள், அங்கே எப்போதும் பூவும் உதட்டுச்சாயமும். டோனா ரீட் புல்தரையில், தரையோடு தரையாகப் பதித்த ஒரு கல்லின் கீழ். கல்லின் ஓரத்தில் வெட்டிய புல் ஒட்டியிருந்தது, கையால் துடைத்தேன். கல் வெயிலில் சுட்டது.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்கு போன் செய்தேன்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்கா. பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

"பூ வச்சியா?"

"வச்சேன்."

"சரி. டேய், அந்தப் பால் கறந்த கதைய அத்தான்கிட்ட சொன்னேன், நம்பவே மாட்டேங்கறார். நீயே சொல்லு, இரு, குடுக்கறேன்."

அத்தான் லைனுக்கு வந்தார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.